ஒரே நிலம், பல கோடுகள்



உலகின் மிகப் பெரிய நிலப்பரப்பைப் புவியியலாளர்கள் எப்படிப் பெயரிட்டார்கள், எப்படிப் பிரித்தார்கள் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். மேற்கே போர்த்துகலின் ரோக்கா முனை, கிழக்கே பெரிங் நீரிணையைப் பார்த்து நிற்கும் தெஷ்னியோவ் முனை, வடக்கே ஆர்க்டிக் கரையிலுள்ள செல்யூஸ்கின் முனை, தெற்கே மலேசியாவின் பியாய் முனை. இந்த நான்குக்கும் இடையில் கடல் குறுக்கிடாமல் கிடப்பது ஒரே நிலம். சார்ந்த தீவுகளையும் சேர்த்தால் அதன் பரப்பு ஏறத்தாழ 5.5 கோடி சதுர கிலோமீட்டர். உலகின் மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மனிதர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இங்கேதான் வாழ்கிறார்கள். சீனாவின் சின்ஜியாங் மாநிலத்தில் ஓர் இடம் உண்டு. அங்கிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் கடலைப் பார்க்கலாம்.

இத்தனை பெரிய நிலம் ஒன்றாகக் கிடக்க, நம் பள்ளிகளில் அதை ஐரோப்பா, ஆசியா என்று இரண்டு கண்டங்களாகப் படிக்கிறோம். சுற்றிலும் கடல் சூழ்ந்த பெருநிலம் கண்டம் என்று ஒரு பக்கத்தில் படித்த பிள்ளை, அடுத்த பக்கத்து நிலப்படத்தைப் பார்த்து, “இந்த இரண்டுக்கும் நடுவில் கடல் இல்லையே?” என்று கேட்டால், அது வயதுக்கு மீறிய கேள்வி என்று ஒதுக்கிவிட வேண்டாம். வரலாற்றின் தந்தை என்று போற்றப்படும் ஹெரோடோட்டஸ் கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஐயத்தை எழுப்பியிருக்கிறார். பூமி ஒன்றாக இருக்கும்போது அதற்கு மூன்று பெண்களின் பெயர்களை ஏன் வைத்தார்கள், எல்லைகளை யார் வகுத்தார்கள் என்று தனக்கு விளங்கவில்லை என்று அவர் எழுதினார். ஐரோப்பா என்ற பெயருக்குரிய இளவரசி தீர் நகரத்தவள், ஆசியக் கரையில் பிறந்தவள், கிரேக்கர்கள் ஐரோப்பா என்று அழைக்கும் நிலத்துக்கு அவள் வந்ததே இல்லை என்பதையும் அவர் குறித்திருக்கிறார். கேட்டுவிட்டு, வழக்கம் கருதி அந்தப் பெயர்களையே தானும் பயன்படுத்துவதாகச் சொல்கிறார். அவருக்குப் பின் வந்த புவியியலாளர்களில் பெரும்பாலோர் செய்ததும் அதுதான்.

கடல்களின் நிலை வேறு. மொனாக்கோவில் இயங்கும் பன்னாட்டு நீர்ப்பரப்பு அளவை நிறுவனம், கடல்களின் எல்லைகளைக் குறித்து 1928-இல் ஓர் ஆவணம் வெளியிட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 1953-இல் வந்தது. வங்காள விரிகுடா எங்கே தொடங்குகிறது, அரபிக் கடல் எந்த முனையோடு முடிகிறது என்று அதைப் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். மனிதன் கால் பதித்து வாழும் கண்டங்களுக்கு அப்படி உலக நாடுகள் ஒப்புக்கொண்ட ஆவணம் எதுவும் கிடையாது. ஐரோப்பாவும் ஆசியாவும் பிரியும் கோடு இது என்று எந்தப் பன்னாட்டு அவையும் முத்திரை குத்தியதில்லை. இன்று நிலப்படங்களில் காணும் கோடு வழக்கத்தால் நிலைத்தது. அந்த வழக்கத்துக்குப் பின்னால் குறிப்பிட்ட மனிதர்கள் இருக்கிறார்கள், குறிப்பிட்ட ஆண்டுகள் இருக்கின்றன, ஒவ்வொரு முறையும் ஒரு தேவை இருந்தது. அவற்றை மறைத்துவிட்டு, கோட்டை மட்டும் இயற்கை வகுத்ததுபோல் பிள்ளைகளுக்குக் கொடுப்பது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கோடு பிறந்த இடம் ஏஜியன் கடல். அதில் கப்பலோட்டிய கிரேக்கர்களுக்கு இரு கரைகளையும் பிரித்துச் சொல்ல இரண்டு பெயர்கள் வேண்டியிருந்தன. மிலேட்டஸ், எபேசஸ் நகரங்கள் இருந்த கிழக்குக் கரை ஆசியா, எதிர்க்கரை ஐரோப்பா. ஏஜியனிலிருந்து தார்தனெல்ஸ் நீரிணை, மர்மரா கடல், பாஸ்பரஸ், கருங்கடல், கெர்ச் நீரிணை, அசோவ் கடல் என்று கப்பல்கள் வடகிழக்கே போகப் போக இந்த இரண்டு பெயர்களும் கூடவே போயின. அதுவரை சிக்கல் இல்லை. இடக்கரைக்கு ஒரு பெயர், வலக்கரைக்கு ஒரு பெயர், நடுவே நீர். அசோவ் கடலோடு நீர் முடிந்துபோயிற்று. அங்கே வந்து கலக்கும் தோன் ஆற்றை, அவர்கள் வழக்கில் தனாயிஸ், எல்லையாக நீட்டினார்கள். வேறு சிலர் இன்றைய ஜார்ஜியாவில் ஓடும் ரியோனி ஆற்றைச் சொன்னார்கள். கரைகளுக்கு மாலுமிகள் இட்ட பெயர்கள் இவை, உள்நாட்டுக்குள் இழுத்துச் சென்றபோதுதான் பொருளற்றுப் போயின என்று வரலாற்றறிஞர் ஆர்னால்ட் டாயன்பி விளக்கினார். அந்த விளக்கத்தைவிடத் தெளிவானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

இரண்டாயிரம் ஆண்டுகள் தோன் ஆறே எல்லையாக நின்றது. தாலமியும் அதையே எழுதினார். இடைக்கால ஐரோப்பாவில் வட்டத்துக்குள் ஆங்கில டி எழுத்தைப் பொருத்தியதுபோல் உலகப்படம் வரைந்தார்கள். மேல்பாதி ஆசியா, கீழே இடப்புறம் ஐரோப்பா, வலப்புறம் ஆப்பிரிக்கா. மத்தியதரைக் கடல் அந்த எழுத்தின் தண்டு. தோன் ஆறு ஒரு கை, நைல் ஆறு மறு கை. நோவாவின் மூன்று மக்களுக்கு மூன்று பாகம் என்ற சமய நம்பிக்கையும் அதோடு சேர்ந்துகொண்டது. தோன் ஆறு வடகோடியிலுள்ள ஏதோ பெரிய மலையில் பிறந்து நேராக இறங்கி வருவதாக எல்லோரும் நம்பினார்கள். அதனால் உலகை மேலிருந்து கீழாக அறுக்க அது போதுமானதாகத் தெரிந்தது. 1517-இல் கிராகோவ் நகரத்து அறிஞர் மாச்சியேய் மியெகோவித்தா அந்த நம்பிக்கையை உடைத்தார். வடக்கே அப்படி மலையே இல்லை, தோன் சமவெளியில் பிறக்கும் ஆறு என்று எழுதினார். உண்மையில் அது மாஸ்கோவுக்குத் தெற்கே, அதிகத் தொலைவில்லாத இடத்தில் பிறக்கிறது. அதற்கு வடக்கே கோட்டை எங்கே கொண்டுபோவது? அடுத்த இருநூறு ஆண்டுகளில் நிலப்படம் வரைந்தவர்கள் ஆளுக்கொரு ஆற்றைப் பிடித்துக்கொண்டு வெண்கடல் வரைக்கும் ஒருவர், ஓப் ஆறு வரைக்கும் ஒருவர் என்று இழுத்தார்கள்.

இந்த இடத்தில்தான் யூரல் மலை வருகிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் இன்று வகுப்பில் சொல்லித்தரும் கோடு இதுதான்.

1709-இல் உக்ரைனின் பொல்தாவாவில் ரஷ்ய மன்னர் பீட்டரின் படை சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸின் படையை முறியடித்தது. சிறைப்பட்ட சுவீடன் அதிகாரிகளில் ஒருவர் பிலிப் யோகான் ஃபான் ஸ்த்ராலன்பெர்க். சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரத்துக்கு அனுப்பப்பட்டு அங்கே ஏறத்தாழப் பத்தாண்டு கைதியாக இருந்தார். மற்றவர்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருக்க, அவர் சைபீரியாவை அளந்தார், நிலப்படம் வரைந்தார், அங்கே வாழ்ந்த மக்களின் மொழிகளைப் பட்டியலிட்டார். விடுதலையாகி நாடு திரும்பிய பின் 1730-இல் ஸ்டாக்ஹோமில் தன் நூலை வெளியிட்டார். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் எல்லை யூரல் மலைத்தொடர்தான் என்ற கருத்து அந்த நூலின் வழியாகத்தான் ஐரோப்பியப் புவியியலுக்குள் நுழைந்தது.

அதே காலத்தில் ரஷ்யாவில் வசீலி தத்தீஷ்சேவ் என்ற அரசு அதிகாரி இருந்தார். யூரல் பகுதியின் சுரங்கங்களையும் உலைக்களங்களையும் நிர்வகித்தவர். 1723-இல் யெகாத்தரின்பர்க் நகரை நிறுவியவர்களில் ஒருவர். ரஷ்யாவின் முதல் பெரிய வரலாற்று நூலை எழுதியவர். தொபோல்ஸ்க்கில் ஸ்த்ராலன்பெர்க்கைச் சந்தித்தபோது இந்த யோசனையைத் தானே அவருக்குச் சொன்னதாகப் பிற்பாடு எழுதினார். மலைக்கு இப்புறம் ஓடும் ஆறுகளில் ஒரு வகை மீன், அப்புறம் வேறு வகை, மரங்களும் வேறு என்று இயற்கைக் காரணங்களையும் அவர் அடுக்கினார். அவை பொய்யல்ல. உற்றுப் பார்த்தால் எந்த மலைக்கும் இருபுறமும் மீனும் மரமும் வேறுபடும்.

தேவை வேறு இடத்தில் இருந்தது. 1721-இல் பீட்டர் பேரரசர் பட்டம் சூட்டிக்கொண்டார். அன்றைய ஸ்பெயின், போர்த்துகல், இங்கிலாந்து, ஹாலந்து போன்ற வல்லரசுகளுக்கு ஐரோப்பாவில் தாய்நாடும் கடலுக்கு அப்பால் குடியேற்றங்களும் இருந்தன. ரஷ்யாவும் அந்த வரிசையில் நிற்க விரும்பியது. மாஸ்கோவிலிருந்து பசிபிக் கரை வரை ஒரே நிலமாகக் கிடந்த நாட்டில் தாய்நாடு எது, குடியேற்றம் எது என்று பிரித்துக் காட்ட ஒரு கோடு வேண்டும். கடல் செய்ய வேண்டிய வேலையை யூரல் மலை செய்தது. மலைக்கு மேற்கே ஐரோப்பிய ரஷ்யா, கிழக்கே அதன் ஆசிய உடைமை. 1767-இல் பேரரசி காத்தரீன் சட்டத் தொகுப்புக்காக எழுதிய அறிவுரையில், ரஷ்யா ஐரோப்பிய நாடு என்று தொடக்கப் பகுதியிலேயே அறிவித்தார். 1837-இல் இளவரசர் அலெக்சாந்தர் அவ்வழியே பயணம் செய்தபோது பெர்வோஉரால்ஸ்க் அருகே எல்லைத் தூண் ஒன்று நிறுத்தப்பட்டது. இன்று மலை நெடுக அத்தகைய தூண்கள் பல டஜன் உள்ளன. சுற்றுலா வருபவர்கள் ஒரு கால் ஐரோப்பாவிலும் ஒரு கால் ஆசியாவிலுமாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த மலையின் உயரத்தையும் சொல்லிவிட வேண்டும். 2,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் யூரலில் மிக உயர்ந்த சிகரமான நரோத்னயா 1,895 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். நடு யூரலோ இன்னும் தாழ்ந்தது. ரயிலில் கடப்பவர்களுக்கு மலை ஏறி இறங்கியதே தெரியாது. மக்களைப் பிரிக்கவோ படைகளைத் தடுக்கவோ அது ஒருநாளும் சுவராக நின்றதில்லை. இதை முதலில் உரக்கச் சொன்னவர்களும் ரஷ்யர்களே. இயற்கையியலாளர் நிக்கொலாய் தனிலேவ்ஸ்கி 1869-இல், இவ்வளவு தாழ்ந்த மலைக்கு இரு உலகங்களைப் பிரிக்கும் பெருமையை எப்படிக் கொடுக்கலாம் என்று கேட்டு எழுதினார்.

யூரல் மலை தெற்கே முடியும் இடத்தில் குழப்பம் பெரிதாகிறது. அங்கிருந்து காஸ்பியன் கடலுக்கும் கருங்கடலுக்கும் கோட்டைக் கொண்டுபோக வேண்டும். ஸ்த்ராலன்பெர்க் வோல்கா பக்கம் வளைத்துத் தோன் ஆற்றோடு சேர்த்தார். தத்தீஷ்சேவ் யாயிக் ஆற்றைத் தேர்ந்தெடுத்தார். புகச்சோவ் தலைமையில் எழுந்த உழவர், கோசாக்கியர் கலகத்தை ஒடுக்கிய பின், அந்த நினைவே இருக்கக்கூடாது என்று 1775-இல் காத்தரீன் அந்த ஆற்றின் பெயரை யூரல் என்று மாற்றிவிட்டார். கசாக்கியர்கள் இன்றும் அதை ஜாயிக் என்றுதான் அழைக்கிறார்கள். அதன் கரையிலுள்ள அத்திராவ் நகரத்துப் பாலத்தின் ஒரு முனையில் ஐரோப்பா என்றும் மறுமுனையில் ஆசியா என்றும் பலகை வைத்திருக்கிறார்கள். 1958-இல் சோவியத் புவியியல் கழகம் பாடநூல்களுக்கு வேறொரு கோட்டைப் பரிந்துரைத்தது: யூரலின் கிழக்கு அடிவாரம், பின் எம்பா ஆறு, காஸ்பியனின் வடகரை, அங்கிருந்து கூமா–மானிச் என்ற தாழ்நிலம் வழியாக அசோவ் கடல். மேற்கத்திய நிலப்படங்கள் பல அந்தத் தாழ்நிலத்தை விட்டுவிட்டுக் காக்கசஸ் மலையின் நீர்பிரி முகட்டைப் பிடித்துக்கொள்கின்றன.

இந்த வேறுபாட்டை ஏட்டளவில் உள்ளது என்று நினைத்துவிடக்கூடாது. காக்கசஸின் எல்ப்ரூஸ் சிகரம் 5,642 மீட்டர். முகட்டுக் கோட்டை ஏற்றால் அது வடக்கே, ஐரோப்பாவுக்குள் நிற்கும். ஐரோப்பாவின் மிக உயர்ந்த சிகரம் அதுதான். தாழ்நிலக் கோட்டை ஏற்றால் அது ஆசியாவுக்குப் போய்விடும். ஐரோப்பாவின் உச்சி 4,800 மீட்டருக்குச் சற்று மேலே நிற்கும் மோன் பிளாங்க். பொது அறிவுத் தேர்வுகளில் இந்தக் கேள்விக்கு ஒரே விடையைக் கேட்டு மதிப்பெண் போடுகிறோம். எந்தக் கோடு என்று சொல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்பது மாணவருக்குச் செய்யும் அநீதி.

காக்கசஸ் நாடுகளையே பாருங்கள். 1947 மார்ச் மாதம் டெல்லியில் ஜவகர்லால் நேரு முன்னின்று கூட்டிய ஆசிய உறவுகள் மாநாட்டுக்கு ஜார்ஜியாவிலிருந்தும் ஆர்மீனியாவிலிருந்தும் பிரதிநிதிகள் ஆசியர்களாக வந்தார்கள். ஜார்ஜியா 1999-இலும் ஆர்மீனியா 2001-இலும் ஐரோப்பிய மன்றத்தில் உறுப்பினர்களாயின. ஐ.நா. புள்ளியியல் பிரிவின் வகைப்பாட்டில் இரண்டும் மேற்கு ஆசியாவில் இருக்கின்றன. அங்கே மலை நகரவில்லை.

இனி, யூரேசியா என்ற பெயரைத் தந்த சிந்தனைக்கு வருகிறேன். நமக்கும் இந்த வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு இருப்பது இங்கேதான்.

எடுவர்ட் சூயஸ் வியன்னாவில் வாழ்ந்த நிலவியலாளர். 1883 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த ‘பூமியின் முகம்’ என்ற அவருடைய பெருநூல் அந்தத் துறையையே மாற்றியது. நாடுகளையும் மொழிகளையும் ஒதுக்கிவிட்டு, பாறைகளை வைத்து நிலங்களைப் பிரித்தார். ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்க அவருக்குக் காரணம் எதுவும் தென்படவில்லை. இரண்டையும் சேர்த்து யூரேசியா என்று எழுதினார். அப்படிச் சேர்க்கும்போது ஒரு பெரிய துண்டை வெளியே வைத்தார். அந்தத் துண்டு இந்தியத் தீபகற்பம். இமயத்துக்குத் தெற்கே உள்ள பழம்பாறை நிலம் வடக்கே உள்ளதோடு பிறப்பால் தொடர்பில்லாதது, ஆப்பிரிக்காவோடும் மடகாஸ்கரோடும் உறவுடையது என்று அவர் கண்டார். நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பாறை அடுக்குகளுக்கு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் ஏற்கெனவே கோண்ட்வானா என்று பெயரிட்டிருந்தார்கள். அதை எடுத்து அந்தத் தென்பெருநிலம் முழுமைக்கும் கோண்ட்வானா நிலம் என்று வைத்தார் சூயஸ். இரண்டுக்கும் இடையில் இருந்து மறைந்த கடலுக்கு டெதிஸ் என்ற பெயரும் அவர் இட்டதே.

யூரேசியா என்ற பெயரை உலகறியச் செய்தவரே நாம் நிற்கும் மண்ணை அதற்குள் சேர்க்கவில்லை. நிலவியல் பின்னால் கண்டறிந்தவை அவர் பக்கமே சாய்கின்றன. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காணப்படும் கருநீலப் பாறையைப் பார்த்திருப்பீர்கள். கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பக்கத்திலிருந்து போனது என்று கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893-இல் சார்னாக்கின் பெயராலேயே அதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். 250 கோடி ஆண்டு வயதுடைய பாறைகள் அவை. அவற்றின் உறவுப் பாறைகள் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் கிழக்கு அண்டார்க்டிகாவிலும் இருக்கின்றன. இந்தியா தெற்கிலிருந்து நகர்ந்து வந்து ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. இன்றும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவுக்கு வடக்கே நெருக்கிக்கொண்டிருக்கிறது. இமயம் அதனால் எழுந்தது.

அப்படியானால் புவித்தட்டுகளை வைத்தே கண்டங்களைப் பிரித்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். பிரித்துப் பாருங்கள். இந்தியாவும் அரேபியாவும் யூரேசியத் தட்டிலிருந்து விலகிவிடும். சைபீரியாவின் வடகிழக்கு மூலை வட அமெரிக்கத் தட்டோடு போய்விடும். ஐரோப்பாவும் சீனாவும் ஒரே தட்டில் இருக்கும். யூரல் மலையே இரு பழைய நிலங்கள் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதி இணைந்த தழும்புதான். அந்த வகையில் அது உண்மையான எல்லை. ஆனால் அதே வகைத் தழும்புகள் ஆசியாவுக்குள்ளும் ஐரோப்பாவுக்குள்ளும் பல இருக்கின்றன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் கண்ட எல்லை ஆக்கியது நிலவியல் அல்ல, அரசியல்.

1920-களில் புரட்சிக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறிய ரஷ்ய அறிஞர் சிலர் யூரேசியா என்ற பெயரை வேறு பொருளில் எடுத்தார்கள். மொழியியலாளர் த்ருபெத்ஸ்கோய், புவியியலாளர் சவீத்ஸ்கி ஆகியோர் சோஃபியாவில் 1921-இல் ஒரு கட்டுரைத் தொகுப்பு வெளியிட்டார்கள். சவீத்ஸ்கியின் வாதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. தூந்திரா, தைகா ஊசியிலைக் காடு, ஸ்டெப்பி புல்வெளி, பாலை ஆகியவை மேற்கிலிருந்து கிழக்காகப் பட்டை பட்டையாக ஓடுகின்றன. யூரல் அவற்றைக் குறுக்கே வெட்டுகிறது, ஆனால் ஒரு பட்டையையும் அறுத்து நிறுத்தவில்லை. காடும் புல்வெளியும் ஒப்புக்கொள்ளாத எல்லையை நாம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவர் கேள்வி. அதிலிருந்து அவர் எட்டிய முடிவை, அதாவது ரஷ்யாவே ஐரோப்பாவும் அல்லாத ஆசியாவும் அல்லாத தனி உலகம் என்பதை, நான் ஏற்கவில்லை. பழைய கோட்டை அழித்துவிட்டுத் தன் நாட்டைச் சுற்றிப் புதுக்கோடு போட்டார் அவர். இன்றைய மாஸ்கோ அரசியலில் அந்தக் கருத்து எதற்கெல்லாம் பயன்படுகிறது என்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆறுகளைக் கொண்டு பிரித்தவர்களும் உண்டு. ஜெர்மானியரான ரிக்தோஃபன் 1877-இல், கடலைச் சேராமல் உள்நாட்டிலேயே வற்றிப்போகும் ஆறுகளின் நிலத்தை மத்திய ஆசியா என்று வரையறுத்தார். லண்டனில் ஹால்ஃபோர்ட் மெக்கிண்டர் 1904 ஜனவரி 25 அன்று ராயல் புவியியல் கழகத்தில் படித்த கட்டுரையில், அந்த நிலத்தோடு ஆர்க்டிக்கில் கலக்கும் ஆறுகளின் நிலத்தையும் சேர்த்து, கப்பற்படை எட்ட முடியாத அந்தப் பரப்பே உலக வரலாற்றின் அச்சு என்றார். நீர் வடியும் திசையைப் பற்றிய வகுப்பறைச் செய்தி, அவர் கையில் வல்லரசுகளின் போர்த்திட்டமாயிற்று. சோவியத் காலத்தில் கசகஸ்தானைச் சேர்க்காமல் நான்கு குடியரசுகளையே நடு ஆசியா என்றார்கள். 1993 ஜனவரியில் தாஷ்கண்டில் கூடிய ஐந்து நாட்டுத் தலைவர்கள், இனி ஐவரும் சேர்ந்தே மத்திய ஆசியா என்று முடிவு செய்தார்கள். ஒரு நிலத்தின் மக்களே தங்கள் வட்டாரத்துக்குப் பெயர் முடிவு செய்த அரிய நிகழ்ச்சி அது.

மற்ற வட்டாரப் பெயர்களில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவை. மத்திய கிழக்கு என்பதை 1902-இல் பரப்பியவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் மாஹன். பாரசீக வளைகுடாவில் கப்பற்படை வைப்பது பற்றிய கட்டுரையில் அது வந்தது. சென்னையிலிருந்து பார்த்தால் அந்த நிலம் வடமேற்கே இருக்கிறது. நம் அரசு மேற்கு ஆசியா என்று எழுதுகிறது. வேலைக்குப் போகும் நம் மக்கள் வளைகுடா என்கிறார்கள். நாளேடுகள் மட்டும் இன்னும் மத்திய கிழக்கை விடவில்லை. தென்கிழக்கு ஆசியா என்ற பெயர் பொதுவழக்கில் ஊன்றியது இரண்டாம் உலகப் போரில், 1943-இல் மவுண்ட்பேட்டன் தலைமையில் அமைந்த நேச நாட்டுப் படைத்தலைமையகத்தின் பெயராக. அடுத்த ஆண்டு அது கண்டிக்கு மாறி, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் இயங்கியது. இலங்கையில் இருந்துகொண்டு நடத்திய போரின் பெயர்ப்பலகை ஒரு வட்டாரத்தின் பெயராயிற்று. இலங்கையோ அதற்குள் அடங்கவில்லை. பர்மா 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணம். ரங்கூனில் கடை வைத்திருந்த செட்டிநாட்டாரும், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் தொழிலாளர்களும் அன்று வரை உள்நாட்டில் இருந்தார்கள்; மறுபொழுது வெளிநாட்டில் இருந்தார்கள். இன்று அது தென்கிழக்கு ஆசியா, நாம் தெற்காசியா. சோழமண்டலக் கரையும் ரங்கூனும் வங்காள விரிகுடாவால் எத்தனை நூற்றாண்டுகள் பிணைந்திருந்தன என்பதைப் படிக்க, இரண்டு வெவ்வேறு ஆய்வுத்துறைகளின் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. வட்டாரப் பெயர்கள் அறிவைக்கூடப் பிரித்துவிடும் என்பதற்கு இதைவிட வருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஐ.நா.வின் வகைப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது புள்ளிவிவர வசதிக்காக மட்டுமே என்று அவர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அதில் ரஷ்யா முழுவதும், பசிபிக் கரையின் விளாதிவஸ்தோக் உட்பட, கிழக்கு ஐரோப்பா, ஈரான் தெற்காசியா, சைப்ரஸ் மேற்கு ஆசியா. அந்தச் சைப்ரஸ் 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு. கசகஸ்தான் கால்பந்து அணி 2002-இல் ஆசியக் கூட்டமைப்பை விட்டு ஐரோப்பியக் கூட்டமைப்புக்குப் போனது.

ஐரோப்பாவைக் கண்டம் என்றும், ஏறத்தாழ 190 கோடிப் பேர் வாழும் நம் நிலத்தைத் துணைக்கண்டம் என்றும் சொல்கிறோம். நம் நிலத்துக்கு இமயம் வேலி. ஐரோப்பாவுக்குக் கிழக்கே அப்படி எதுவும் இல்லை. 1997-இல் வெளிவந்த ‘கண்டங்கள் என்ற தொன்மம்’ என்ற நூலில் அமெரிக்க அறிஞர்கள் மார்ட்டின் லூயிஸும் காரென் விகனும் இந்தச் சமமின்மையைச் சுட்டிக்காட்டினார்கள். நம்மைக் கண்டமாக உயர்த்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரே அளவுகோலை எல்லோருக்கும் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ரஷ்யப் பள்ளிகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே பிள்ளைகள் இரண்டு பட்டியல் படிக்கிறார்கள். நிலத்தை வைத்து எண்ணும் பட்டியலில் யூரேசியா ஒன்றே. வரலாற்றை வைத்து எண்ணும் பட்டியலில் ஐரோப்பாவும் ஆசியாவும் தனித்தனி; வட, தென் அமெரிக்காக்கள் சேர்ந்து ஒன்று. இரண்டும் சரி, இரண்டும் வேறு வேறு கேள்விக்கு விடை என்று பன்னிரண்டு வயதிலேயே அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கும் அது தெரிய வேண்டும்.

இந்த அரங்கில் பாடநூல் எழுதுவோரும், ஆசிரியர்களும், நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள் இது. ஏழு கண்டங்களைச் சொல்லித்தருவதற்கு முன் யூரேசியாவை ஒரே நிறத்தில் ஒருமுறை காட்டுங்கள். பிறகு யூரல் கோட்டைப் புள்ளிக்கோடாக வரைந்து பக்கத்தில் 1730 என்று எழுதுங்கள். காக்கசஸில் இரண்டு கோடுகளையும் வரையுங்கள். இந்தியத் தீபகற்பத்துக்குத் தனிநிறம் கொடுத்து, இது கோண்ட்வானாவிலிருந்து வந்தது என்று குறியுங்கள். எல்ப்ரூஸா மோன் பிளாங்கா என்ற கேள்வியை வினாத்தாளில் வைத்தால், எந்த எல்லையின்படி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.